புளித்த காயும் வைக்கோலும்

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் மனிதருக்கும் பாஷை ஒன்று, பள்ளிக்கூடமும் ஒன்று. ஒரு புங்கமரத்தடியில் அது நடந்தது. வாத்தியார் ஆமை. அவர் குளத்தைவிட்டு ஏறி வந்து சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பதைப் பிள்ளைகள் அந்தப் பாதிப் பொழுதில்தான் தீர்மானித்தார்கள்.

அப்போதெல்லாம் பிள்ளைகளின் சண்டைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. பேச்சு நின்றால் நின்றதுதான். மறுபடி எப்படித் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியாது.

பள்ளியில் எல்லாருக்கும் வேண்டியவள் பவளி என்ற கிளி. ஊர்த் தோப்பெல்லாம் பறந்து தின்பண்டம் கொண்டுவந்து பங்கு வைப்பாள். ஒருநாள் ஆளுக்கொரு மாங்காய் வைத்தாள்.

"இந்த வருசத்து முதல் பழம். எப்படி இருக்கு?"

முயல் கடித்தது. முகம் கோணியது. "தேன்!" என்றது. செங்கமலம் என்ற மனிதப் பிள்ளைக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அவளும், "தேன்தான்!" என்றாள். புதிதாகச் சேர்ந்திருந்த அணிலுக்கு ஊர் வழக்கம் தெரியாது.

"புளிக்குதே," என்றது அது.

பவளியின் கழுத்துச் சிறகு சிலிர்த்தது. "அப்படியா? அப்ப உனக்கு இனிமே எங்கிட்ட அந்தக் காய்தான். எடுத்துக்கிட்டுப் போ. யாரும் இவன்கூடப் பேசாதீங்க."

ஒருவரும் பேசவில்லை. அணில் அந்தக் காயைப் புங்கமரத்திலிருந்த தன் பொந்துக்குள் வைக்கோலில் எறிந்துவிட்டது. நொண்டி ஆடினாலும் அணிலைச் சேர்ப்பதில்லை. கண்ணாமூச்சி ஆடும்போது அதுவும் ஓடிப்போய்ப் பொந்தில் ஒளிந்துகொள்ளும். தேடித்தான் யாரும் வருவதில்லை. பொழுது சாய்ந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அது கொஞ்ச நேரம் ஒளிந்தே இருக்கும். அழுகையாக வரும்.

பவளிக்கோ கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஆனால் 'புளிக்குதே' என்ற அந்தச் சொல் அவளை விடவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே வேப்பங்காய் கொண்டுவந்து பங்கு வைத்தாள்.

"தேன்!" என்றது முயல். "தேன்தான்!" என்றாள் செங்கமலம்.

அன்று பவளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் தனக்கு ஒருவருமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த கண்ணாமூச்சியில், பொந்துக்குள் ஒளிந்திருந்த அணிலுக்கு மாம்பழ வாசனை வந்தது. வைக்கோலைக் கிளறியது. எறிந்த காய் பழுத்துக் கிடந்தது. தானே தின்றிருக்கலாம். பவளியிடம் கொண்டுபோய்க் கொடுத்து அவள் தட்டிவிட்டால், அதற்கப்புறம் தனக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலையே இல்லை. ஓரத்தில் ஒரு கடி கடித்துப் பார்த்தது. பிறகு எடுத்துக்கொண்டு இறங்கியது.

எல்லாரும் பார்க்க, பழத்தைப் பவளியின் முன்னால் வைத்தது.

"என்ன இது?" என்றாள் பவளி. பேசாதீங்க என்றவளே பேசிவிட்டதில் கூட்டமே திகைத்தது.

"நீ குடுத்த காய்தான். அன்னைக்குப் புளிச்சுது, சொன்னேன். இன்னைக்கு இனிக்குது, சொல்றேன்."

பவளி ஒரு கொத்துக் கொத்தினாள். உண்மையாகவே தேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "பழம்," என்றாள். நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

மெதுவாக வந்து சேர்ந்த வாத்தியார், "என்ன சத்தம்?" என்றார். யாரும் சொல்லவில்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு பாஷைகள் பிரிந்தன. கிளி கிளியோடு போயிற்று, அணில் அணிலோடு போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த செங்கமலம் மட்டும் நடந்ததை மனிதப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தாள். அன்று முதல்தான் பிள்ளைகள் சண்டை வந்தால் 'காய்' விடுகிறார்கள், சமாதானமானால் 'பழம்' விடுகிறார்கள். காட்டுகிற விரல் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் காய் விட்ட பிள்ளை, பழுத்துவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேயிருப்பது மட்டும் எந்த ஊரிலும் மாறவில்லை.