தவிட்டுக்கு வாங்கிய மந்திரி

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மருதங்காட்டுச் சீமையை விசித்திரகீர்த்தி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுக்குத் தவிடன் என்று ஒரு மந்திரி. பேரைக் கேட்டதும் சிரிப்பு வருகிறதல்லவா? அந்தச் சிரிப்பில்தான் வினையே ஆரம்பித்தது.

ராஜாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது; விடிந்தால் பேர்சூட்டு விழா. அண்டை நாட்டு ராஜாக்கள் வந்து இறங்கியிருந்தார்கள். "முதல் மந்திரி தவிடனார் வருகிறார்!" என்று கட்டியக்காரன் கூவியதும் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ராஜாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சபைப் பண்டிதன் நவரத்தினகேசரிக்கு இது போதாதா?

"மகாராஜா, இளவரசர் விழாவில் தவிடன், குப்பை, மண்ணாங்கட்டி என்றெல்லாம் பேர் ஒலிக்கலாமா? எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்பவருக்கு அரண்மனையில் என்ன வேலை?" என்று தூபம் போட்டான்.

"அப்படியே ஆகட்டும்! மந்திரி, நாளைக்குள் பேரை மாற்றும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வையும்" என்றான் ராஜா.

மந்திரி மோதிரத்தைத் தடவிப் பார்த்தார். மோதிரம் போனால் போகட்டும், பேரை எப்படி விடுவது? அவருக்கு முன்னே பிறந்தவை எல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. இவர் பிறந்ததும் அம்மா பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாள். எமன் வந்து கேட்டால், "இது நான் பெற்றதில்லை, தவிட்டுக்கு வாங்கினது" என்று சொல்லலாமே! அவளும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அவள் கொடுத்ததில் மிச்சமிருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

"இந்த ஆணை யாருக்கெல்லாம், மகாராஜா?"

"நாட்டில் எல்லோருக்கும்தான்!" என்று பண்டிதன் முந்திக்கொண்டான். ராஜாவும் தலையாட்டினான்.

"நல்லது. ஆனால் பேரை வைத்தவர்தானே எடுக்க வேண்டும்? பெற்றவள் உயிரோடு இருந்தால் அவளே சபைக்கு வந்து எடுக்கட்டும். தாயில்லாத நான் கடைசியில் நிற்கிறேன்."

இது ராஜாவுக்கு வேடிக்கையாகப் பட்டது. சம்மதித்துவிட்டான்.

மறுநாள் நிறைந்த சபைக்குள் மந்திரி ஒரு தாயைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். ராஜா திடுக்கிட்டு எழுந்தான். வந்தது அவனைப் பெற்ற பெரிய ராணி!

"என்ன விளையாட்டு இது, மந்திரி?"

"விளையாட்டில்லை மகாராஜா. தினமும் உங்கள் முகத்தைப் பார்க்கிறவன் நான். வலது மூக்கில் தூர்ந்துபோன துளை ஒன்று இருக்கிறது. பிள்ளை தங்காத வீட்டில்தான் ஆண்குழந்தைக்கு மூக்குக் குத்துவார்கள். நேற்று பெரிய ராணியிடம் கேட்டேன். அழுதுவிட்டார்."

பெரிய ராணி மகனைப் பார்த்தாள். "உனக்கு முன்னே மூன்று பேரடா. மூன்றையும் இந்தக் கையாலேயே மண்ணுக்குக் கொடுத்தேன். எமன் வேண்டாமென்று விட்டுவிடட்டும் என்று உன்னைக் குப்பைமேட்டில் உருட்டி எடுத்து, மூக்கைக் குத்தி, 'மூக்கா, மூக்கா' என்றுதான் கூப்பிட்டேன். சின்னப் பிள்ளையாய் உனக்குப் பட்டம் கட்டின அன்றைக்கு, ராஜாவை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பேரையும் எடுத்துவிடட்டுமா?"

ராஜாவின் கை தானாக மூக்குக்குப் போயிற்று. மஞ்சள் மணக்கும் மடி, கையில் உருட்டித் தந்த மோர்ச்சோறு, நந்தவனத்தில் பின்னாலேயே துரத்திவந்த அந்தக் குரல் எல்லாம் ஒன்றாக அவன் நினைவுக்கு வந்தன. படியிறங்கி வந்து தாயின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"வேண்டாம் அம்மா. இன்னொரு தடவை கூப்பிடு."

"மூக்கா..." என்றாள் அவள். சிரித்த ராஜாக்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆணை அங்கேயே ரத்தாயிற்று. தன் தங்கக் கங்கணத்தை ராஜா மந்திரிக்குப் பூட்டினான். பண்டிதன் பக்கம் திரும்பி, "நீரே தமுக்கு அடித்துக்கொண்டு போம். குப்பையார், மண்ணாங்கட்டியார் என்று ஒவ்வொரு பேரையும் மரியாதையாகச் சொல்லி, பெற்றவர்களோடு விருந்துக்கு அழைத்து வாரும்!" என்றான். கழுத்தில் தமுக்கோடு போன நவரத்தினகேசரியைப் பார்த்து ஊரே சிரித்தது.

அம்மாக்களும் பிள்ளைகளுமாகப் பந்தி நிறைந்தது. தனக்கென்று வர யாருமில்லாத மந்திரி, ஒரு தூணோரமாக ஒதுங்கி நின்றார். பெரிய ராணி சுற்றுமுற்றும் தேடினாள்.

"அடே தவிடா! எங்கேடா போனாய்? இலை போட்டாச்சு, வந்து சாப்பிடு!"

கங்கணம் பூட்டியபோது கலங்காத மந்திரி, அந்த 'டா'வைக் கேட்டதும் பச்சைப்பிள்ளையாகத் தேம்பி அழுதார்.