உப்புப் போடாத ரசம்

சாயப்பட்டறை முதலாளி ரங்கநாயகம், கழிவுநீரில் இருக்கும் உப்பைப் பிரிக்க நானோ துகள் பதித்த புது வடிகட்டிச் சவ்வை வாங்கி மாட்டினார். சாயம் போய்த் தண்ணீர் பளிங்காக வந்தது. "இளநி தோத்துப்போகும்!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்; ஆனால் ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்கவில்லை.

அந்தத் தண்ணீரை வயல் வாய்க்காலில் விட அவருக்கு அனுமதி வேண்டும். அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் சமையல்காரி மாராத்தாளைக் கூப்பிட்டார்.

"இந்தத் தண்ணியிலதான் விருந்து சமைக்கோணும். ருசியில ஒரு குறை வந்தாலும் உனக்கு இங்க வேலை இல்லை."

மாராத்தாள் ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். "ஏனுங்க முதலாளி, இந்தத் தண்ணி..."

"வாயை மூடிக்கிட்டுச் சமை!"

"சரிங்க" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

பந்தியில் அதிகாரி ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். "அடடா! எப்படிம்மா உப்பை இவ்வளவு அளவாப் போடறீங்க?"

"நான் ஒரு கல்லு உப்புக்கூடப் போடலைங்க. எல்லாம் முதலாளி தண்ணியோட பக்குவம்."

அதிகாரி கையை உதறி எழுந்தார். "முதல்ல சவ்வைச் சரிபண்ணுங்க. வாய்க்காலை அப்புறம் பார்க்கலாம்."

முதலாளி மாராத்தாளை முறைத்தார். ஆனால் ருசியில் யாரும் குறை சொல்லவில்லையே! அவள் கரண்டியோடு பணிவாகக் குனிந்தாள்.

"உங்களுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"