கம்பு இலையில் புள்ளி

சடையம்பாறை மடத்தில் திருநீறு தருவதில்லை. வருகிறவர்களுக்கு ஒரு கைப்பிடி விதைக்கம்புதான். போன வருடம் கொடுத்த கம்பில் துரு நோய் விழுந்து, இலையெல்லாம் செம்பழுப்புப் பொடி. மாடுகூட அந்தக் கம்பந்தட்டைத் தொடவில்லை. ஊர்க்காரர்கள் மடத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பொன்னையனுக்கு உறுத்தியது.

அறுபது வயதில் சீடராக வந்தவர் பொன்னையன். குரு கனகாம்பிகை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். துருவைத் தாங்கும் கம்பு வேண்டுமென்று பொன்னையன் ஆறு வருடமாகக் கதிர் கதிராகப் பொறுக்கி ஒரு ரகத்தை வளர்த்திருந்தார். அதைச் சோதிக்க, பக்கத்து வரிசைகளில் துரு சீக்கிரம் பிடிக்கும் கம்பை வேண்டுமென்றே விதைக்கச் சொன்னார் குரு.

"திருடனைக் கூப்பிட்டு வூட்டுக்குள்ள உக்கார வைக்கிறீங்க" என்று முனகிக்கொண்டேதான் பொன்னையன் விதைத்தார்.

கார்த்திகைப் பனியில் துரு வந்தது. பக்கத்து வரிசைகள் செம்பழுப்பாகிப்போயின. சில நாளில் பொன்னையனின் கம்பிலும் புள்ளிகள். மனிதர் உடைந்துபோய் அரிவாளோடு குருவிடம் வந்தார்.

"போச்சுங்கம்மா. அத்தனையும் அறுத்துப் போட்டர்றேன். இனி நாம யாருக்கும் விதை கொடுக்க வேண்டாமுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேனுங்க."

"தொட்டுப் பாத்தீங்களா?"

பொன்னையன் அரிவாளைக் கீழே வைத்தார்.

குரு வயலில் இறங்கினார். "உங்க துண்டைக் கொடுங்கண்ணா. என்ற காவிச் சேலையில துருக்கறை தெரியாது."

வெள்ளைத் துண்டால் நோய் வரிசையில் ஓர் இலையை வழித்தார். செம்பழுப்பாகக் கறை படிந்தது. மறுமுனையால் பொன்னையனின் கம்பிலையை வழித்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

பொன்னையன் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். நாற்பது செடிகளையாவது துடைத்திருப்பார். பனி ஈரம் மட்டும்தான் ஒட்டியது. அப்படியே வாய்க்காலில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பிறகு அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏனுங்கம்மா, நோயைத் தாங்கற கம்புன்னா இலை சுத்தமா இருக்கோணுமில்லீங்களா? இந்தப் புள்ளி எப்படி?"

குரு ஓர் இலையை வெயிலில் பிடித்துக் காட்டினார். புள்ளி காய்ந்திருந்தது. சுற்றிலும் பச்சை.

"நோய் இதுக்கும் வந்துச்சுங்கண்ணா. அது உக்காந்த எடத்தை மட்டும் இலையே சாக விட்டிருச்சு. மேல பரவ அதுக்குத் தீனி கிடைக்கல."

பொன்னையன் அந்த இலையை வாங்கிப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப, துருவே அண்டாத கம்புன்னு சொல்லி ஊருக்கு விதை கொடுக்கலாமுங்களா?"

"புள்ளி விழும்னு சொல்லியே கொடுங்க. இல்லீன்னா நல்ல பயிரை அவங்களே பயந்து அறுத்துப் போடுவாங்க."