அண்ணன் கேட்ட உருமா

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் திருமேனி. இதைச் சொன்ன பிறகுதான் ராஜா கதைக்கு வருவேன்.

நொச்சிநாட்டைப் பரிதிவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. காலையில் ஒருவனுக்கு யானை கொடுப்பார், மாலையில் அதே ஆளைப் பார்த்து, "யார் இவன்?" என்பார். புகழ்ந்து பேசிவிட்டால் போதும், குளிர்ந்துபோவார். என் அண்ணன் அவருடைய கட்டியக்காரன். ராஜா வருமுன் அவர் பெருமையைக் கூவுகிற வேலை. ராஜாவைப் பற்றி நாலு வார்த்தை கூவினால் தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை நடுவில் செருகிவிடுவான்.

எங்கள் தாய் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். வெற்றிலைக் கொடிக்காலை அடுத்தவனிடம் விட்டுவிட்டு நான்தான் அவளைப் பார்த்தேன். அண்ணன் எப்போதாவது வருவான். கட்டில் ஓரம் உட்கார்ந்து, அரண்மனையில் தனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்வான். அம்மா இருமினால், "கொஞ்சம் பொறு, முக்கியமான இடம்" என்பான்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவளைக் கடைசிவரை பார்த்த பிள்ளைக்குப் பதினாறாம் நாள் தாய்வழி உறவு உருமா கட்டும். அந்தத் தலைப்பாகை யார் தலையில் ஏறுகிறதோ அவனுக்கே அவள் இருந்த வீடு.

அண்ணன் நேரே ராஜாவிடம் போனான். "மகாராஜா, தம்பி அவளைப் பட்டினி போட்டான். ராஜகாரியத்துக்கு நடுவிலும் நான் ஓடி ஓடிப் பார்த்தேன். தாய்வழியில் ஒருவரும் உயிரோடு இல்லை. தாயுள்ளம் படைத்த தங்கள் கையால்தான் எனக்கு உருமா கட்ட வேண்டும்."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டுகிறேன்! சபையிலேயே கட்டுகிறேன்!"

இது என் காதுக்கு வந்தது. மந்திரி சாத்தப்பரிடம் ஓடினேன். "ஊரே எனக்குச் சாட்சி சொல்லும், ஐயா."

"ஊர் சொன்னால் உன் அண்ணன் அதைவிட உரக்கச் சொல்வான், வேலாண்டி. தொண்டைதானே அவன் சொத்து? தாய்வழியில் நிஜமாகவே ஒருவரும் இல்லையா?"

"சின்னம்மா உண்ணாமலை இருக்கிறாள். சாவு அன்றைக்கு அண்ணன் அவள் தோளில் சாய்ந்துதான் அழுதான்."

"பிறகு ஏன் இல்லை என்றான்? மறைக்கிறானா?"

"மறைக்கவில்லை, ஐயா. தோளைத்தான் பிடித்தான். முகத்தைப் பார்த்திருக்க மாட்டான்."

"அப்படியானால் அவனை யாரும் தடுக்க வேண்டாம். பேசட்டும்" என்றார் மந்திரி. சின்னம்மாவுக்கு வண்டி அனுப்பினார். அவள் வந்ததும், "கொஞ்ச நேரம் சபையில் நிற்க முடியுமா, தாயே?" என்று கேட்டார்.

"என் அக்காளுக்காக நிற்கிறேன்" என்றாள் அவள்.

பதினாறாம் நாள். ராஜா கையில் உருமாத் துணி. மந்திரி எழுந்து, "மகாராஜா, தாயைப் பார்த்த கதையைத் திருமேனியே சபைக்குச் சொல்லட்டும்" என்றார்.

அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. கைவீசிப் பேசத் தோதாகச் சால்வையைக் கழற்றினான். பக்கத்தில் கோலூன்றி நின்ற சின்னம்மாவின் கையில் அதைத் திணித்தான். "பிடி, கிழவி. தரையில் படக்கூடாது. ராஜா போர்த்தியது."

தொடங்கினான். அம்மா தன்னையே நினைத்து உருகியதை, அவளுக்காகத் தான் உறக்கம் இழந்ததை, அப்போதும் தன் குரல் கெடாததை. சபை மூக்கை உறிஞ்சியது.

சின்னம்மா மெல்லக் கேட்டாள்: "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்..."

"இரு, இரு. அழுகை வருகிற இடம்."

அவள் மறுபடி கேட்டாள். அவன் திரும்பவே இல்லை. அவள் கால் நடுங்கி அப்படியே உட்கார்ந்தாள். சால்வை தரையில் விழுந்தது.

"சால்வை! ஐயோ, சால்வை!" என்று கத்தினான் அண்ணன்.

என்னைப் பேசாமல் உட்காரச் சொல்லியிருந்தார் மந்திரி. என்னால் முடியவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தேன்.

"திருமேனி, இவர் யார்?" என்றார் மந்திரி.

"அரண்மனை வேலைக்காரி யாரோ. நான் எந்த இடத்தில் விட்டேன்?"

சின்னம்மா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நான் உன் தாயோடு பிறந்தவள். எனக்கும் அவளுக்கும் ஒரே முகம். அவள் முகத்தை நீ ஒருநாளாவது பார்த்திருந்தால் என்னைத் தெரிந்திருக்கும், தம்பி."

ராஜா இறங்கி வந்து உருமாவை அவள் கையில் வைத்தார். "இது உங்கள் உரிமை, அம்மா." அவள் அதை என் தலையில் கட்டினாள். கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. ராஜா நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு தாழ்ந்த குரலில், "சாத்தப்பரே, நானே திருமேனிக்குக் கட்டியிருப்பேனே!" என்றார்.

"அவன் தங்களைப் புகழ்ந்தான், மகாராஜா. அந்த நேரத்தில் தங்கள் கண்ணிலும் கிழவி படவில்லை."

ராஜா தலை குனிந்தார். தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரி விரலில் போட்டார்.

அண்ணன் மட்டும் மார்பில் அடித்துக்கொண்டான். "சொந்தச் சின்னம்மாவையே தெரியாத அளவுக்கு நான் துக்கத்தில் இருந்திருக்கிறேனே! என்னைப்போல் தவித்த பிள்ளை உண்டா?"

ராஜா அவனைக் கிட்டே அழைத்தார். "'அம்மாவைப் பார்த்தவன் நீ.' இதை மட்டும் உன் தம்பியிடம் சொல். வேறொரு வார்த்தை சேரக்கூடாது. சொல்லும்வரை இந்தச் சபையில் உன் குரல் கேட்கக்கூடாது."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "அம்மாவைப் பார்த்தவன் நீ. ஆனால் நான் பட்ட பாடு..."

ராஜா கையை உயர்த்தினார். காவலர்கள் அவனை வெளியே கூட்டிப்போனார்கள்.

நான் விடைபெறும்போது மந்திரி சொன்னார்: "அவன் சொல்வான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்காராதே, வேலாண்டி. சாப்பிட்டுவிட்டுக் கேள்."

அதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். அண்ணன் வருகிறான். மோர் கொடுக்கிறேன். அவன் பேச்சு முடிந்ததும் என் வேலையைப் பார்க்கப் போகிறேன். நான் எதையும் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. நேற்றும் வந்தான். ராஜா சொல்லச் சொன்ன வாக்கியத்தைச் சரியாகச் சொன்னான். ஒரு மூச்சு விட்டான். நானும் காத்திருந்தேன்.

"ஆனால்" என்றான்.

எனக்கு அவன் தர வேண்டியது இன்னும் பாக்கி.