மூன்று முறை சொன்ன பெயர்

பிறக்கும்போது கொண்டுவரவில்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. அது என்ன? அழுக்கு என்று சொல்லாதீர்கள், அழுக்கு போய்விடும். பெயர்.

அந்தக் காலத்தில், பறவைகளும் பூச்சிகளும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆண் குழந்தைக்குத் தாத்தாவின் பெயரை வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். பெண் குழந்தைக்கு மட்டும் ஆற்றங்கரையில் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். எல்லா உயிர்களும் சம்மதிக்க வேண்டும். குழலி என்பவளுக்கு அந்தப் பெயர் கிடைத்தபோது அவளுக்குக் கல்யாண வயது. இப்போது அவள் மகளுக்கு ஆறு வயது. இன்னும் வெறும் "அடியே"தான்.

குழலி மறுபடியும் கரையில் வந்து நின்றாள்.

"மயிலா."

"வேண்டாம்," என்றது பெண்மயில். "தோகையெல்லாம் எங்கள் வீட்டுக்காரருக்கு. இவளும் ஏமாந்து போவாள்."

"சரி, அன்னம்."

"வெள்ளையாக இருந்தால்தான் பெயர் வைப்பீர்களோ?" என்றது காக்கை.

"மலர்விழி!"

"விழி என்றால் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றது ஆந்தை.

"முல்லை! முல்லைக்கு என்ன குறை?"

"அது எங்கள் பூ. மழைக்காலம் முடியட்டும், யோசித்துச் சொல்கிறோம்," என்றன தேனீக்கள்.

"ஆறு மழைக்காலமாக இதைத்தானே சொல்கிறீர்கள்!"

அந்த நேரம் ஆற்றில் வெள்ளம் வந்தது. மணலில் இன்னும் பெயரில்லாத ஒன்பது சிறுமிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் குழலியின் மகள் மட்டும் தள்ளி, நடு ஆற்றுத் திட்டில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, ஓடி வா!" என்று குழலி கத்தினாள்.

எட்டுப் பேர் ஓடி வந்தார்கள். மகள் மட்டும், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

குழலி கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூழ்கி எழுந்த மகளை இழுத்து வந்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மகளின் காதருகே குனிந்து, "உன் பெயர் முல்லை," என்றாள்.

"என்னம்மா? காதெல்லாம் தண்ணீர்."

மறுபடி சொன்னாள்.

"கேட்கலையே."

தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, மூன்றாம் முறை சொன்னாள். கேட்டுவிட்டது.

"என்ன பெயர்? எங்களைக் கேட்கவே இல்லையே!" என்று வெளியே ஒரே கூச்சல்.

"பிடிக்கவில்லை என்றால் அவள் சொல்லட்டும். நீங்கள் போய் வேலையைப் பாருங்கள்!"

அன்று முதல்தான் பெண் குழந்தையின் பெயரை அவள் காதில், மெதுவாக, மூன்று முறை சொல்கிறார்கள். ஆண் குழந்தைகள் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சிறுமி முல்லை என்ற பெயரையே வைத்துக்கொண்டாள்.