ஜமீன்தார் படத்தின் முதுகு

நகரக் கலைக்கூடத்தில் மாட்டியிருந்த ஜமீன்தார் படம் போலி, அசலை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஊரே அதிர்ந்தது. மூன்று மாதத்துக்கு முன் வந்த காப்பாட்சியர் சதானந்தம், தூசி துடைக்கும் அன்னபாக்கியத்தைக் கைகாட்டினார்.

"தினமும் படத்தைத் தொடுகிறவள் இவள்தான். போலீஸைக் கூப்பிடுங்க!"

குமாஸ்தா தொலைபேசியை எடுத்தார்.  அன்னபாக்கியம் வாயைத் திறந்தாள்.

"சார், அசல் படத்து முதுகுல பல்லி முட்டை ஒட்டியிருக்கும். அதை வச்சுத் தேடச் சொல்லுங்க."

"உளறாதே! முதுகில் மூலையில் ஓர் அரக்கு முத்திரை, அவ்வளவுதான்."

"இருக்கலாம் சார். நான் அதோட முதுகைப் பார்த்ததே இல்லை, பல்லி முட்டை சும்மா சொன்னது. சுவரோட திருகாணி போட்டு முப்பது வருஷமா இறக்காத படம். நீங்க எப்பப் பார்த்தீங்க?"

 யார் மேல் சந்தேகம் என்று மறுமுனையில் போலீஸ் கேட்டது. குமாஸ்தா பேரை மட்டும் மாற்றிச் சொன்னார்.