விரைவன் கோத்த சர்க்கரைச் சரம்

அந்தக் காலத்தில், உடம்புக்குள் குடியிருக்கிற அணுக்கள்கூட ஒன்றோடொன்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த காலத்தில், மாதன் என்று ஒருவன் மலைத்தேன் எடுத்துப் பிழைத்துவந்தான். அவன் மூளைக்குள் தாரகையும் விரைவனும் அடுத்தடுத்த வீடு.

விரைவன் நரம்பணு. 'பிடி', 'விடு' என்று மாதனின் வலது கைக்குச் சேதி அனுப்புவது அவன் வேலை. தாரகை நட்சத்திரம் மாதிரி கைகளை விரித்திருக்கும் அணு. ரத்தம் கொண்டுவரும் சர்க்கரையில் கொஞ்சத்தை மணிமணியாகக் கோத்து வைப்பாள். பட்டினி வந்தால் அவிழ்த்து, புளிப்பு நீராக்கி அக்கம்பக்கத்து நரம்பணுக்களுக்கு ஊட்டுவாள்.

விரைவனுக்கு அது பிடிக்கவில்லை.

"எத்தனை நாளைக்குக்கா உன் கையைப் பார்த்துக் கிடப்பேன்? கோக்கிற வித்தையை எனக்கும் சொல்லிக் கொடு."

"ஓடுகிறவனுக்கு மூட்டை எதுக்குடா?"

"ஈரல் பெரியப்பா வீடு நிறைய வைத்திருக்கிறாரே."

"அவர் வீடு அரண்மனை. உன் வீட்டில் நீ திரும்பிப் படுக்கவே இடமில்லை."

அவன் விடவில்லை. நச்சரிப்புத் தாங்காமல் தாரகை சொல்லிக் கொடுத்தாள். "கொஞ்சம் கோத்ததும் கிளை பிரி. கிளையிலிருந்து இன்னொரு கிளை. செடி மாதிரி இருக்கணும். அப்போதுதான் அவிழ்க்கும்போது எந்தப் பக்கமும் நுனி அகப்படும்."

விரைவனுக்கு ஏது அந்தப் பொறுமை? நீளநீளமாகக் கோத்து வீட்டுக்குள் திணித்தான்.

"கிளை எங்கேடா?"

"அப்புறம் பிரிச்சுக்கலாம்க்கா."

தேனெடுக்கப் போகிற நாளில் வேலை முடியும்வரை மாதன் சோறு தொடமாட்டான். அது அவன் கூட்டத்து வழக்கம். அன்றும் வெறும் வயிற்றோடு கொடியேணியில் இறங்கினான். பாறையின் பாதியில் தொங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை வற்றியது. ஈரல் பெரியப்பாவின் கையிருப்பும் வந்துசேரவில்லை.

தாரகை அவசரமாகச் சரத்தை அவிழ்த்தாள். "விரைவா, வாயைத் திற."

"வேண்டாம். என்கிட்டயே இருக்கு."

அவன் உள்ளே கைவிட்டான். சரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கல்லாய் இறுகிக் கிடந்தன. நுனியே அகப்படவில்லை. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. அவனுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. "பிடி, விடு, பிடி, விடு" என்று நிறுத்தாமல் கத்தினான்.

மாதனின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. விரல்கள் கொடியை விட்டுக் கழன்றன. இடது கையில் கூடை, கீழே வெறும் பள்ளம்.

"அக்கா, பிடின்னு மட்டும் சொல்ல வரமாட்டேங்குது."

தாரகை அவன் வாயில் நீரை ஊற்றினாள். அது வழிந்தது. உள்ளே விழுங்க இடமில்லை. அவளிடம் மிச்சமிருந்தது ஒரு வாய்தான். அதையும் அவனுக்கே ஊற்றி அது வழிந்துபோனால், மாதன் விழுந்துவிடுவான். அவனோடு எல்லோரும் போய்விடுவார்கள்.

அவள் விரைவனிடமிருந்து கையை எடுத்தாள்.

அந்தப் பக்கத்து வீட்டில் செல்லி இருந்தாள், முழங்கையை மடக்கும் நரம்பணு. பசியில் சுருண்டு கிடந்தாள்.

"குடிடி."

"அவனுக்கு?"

"குடின்னா குடி. மடக்கு."

செல்லி ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சேதி அனுப்பினாள். மாதனின் வலது முழங்கை மடங்கிக் கொடியைக் கொக்கியாய் வளைத்துக்கொண்டது. அவன் காற்றில் ஊசலாடினான். நழுவிய காலுக்கு மறுபடி ஏணிப்படி தட்டுப்பட்டது.

தாரகை திரும்பிப் பார்த்தபோது விரைவனிடம் சத்தமில்லை. அவன் கண்ணைத் தடவி மூடினாள்.

"நானும் அவனைப் பார்த்துக் கொஞ்சம் கோத்து வைத்திருக்கேன்க்கா," என்றாள் செல்லி, மெல்ல.

"இறுகிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"கொட்டிடு. உனக்குப் பசித்தால் எனக்குக் கேட்கும்."

செல்லி கொட்டினாள். அதைப் பார்த்து, அவளைப் போலவே கோத்து வைத்திருந்த அக்கம்பக்கத்து நரம்பணுக்களும் கொட்டின. மாதன் மேலே ஏறி வந்து, அங்கே வைத்திருந்த களியுருண்டையைப் பிட்டுத் தின்றுவிட்டு, மரத்துப்போன வலது கையைத் தேய்த்தபடி வெறுங்கூடையோடு வீட்டைப் பார்த்து நடந்தான்.

அன்று முதல்தான் மூளையில் நட்சத்திர அணுக்கள் கைப்பிடிச் சர்க்கரையைக் கிளைகிளையாய்க் கோத்து வைக்கின்றன, நரம்பணுக்கள் சேர்த்து வைப்பதில்லை. எந்த மூளையில் நரம்பணுக்கள் மறுபடி கிளையில்லாமல் கோத்துவிடுகின்றனவோ, அந்த மனிதருக்குக் கைகால் வெட்டி இழுக்கிறது.